பட்டாளத்துப் பையோடு அம்மை குத்தப் போனேன்

அம்மை குத்தும் வேலையில் நான் சேர்ந்த அன்று அரசாங்கம் எனக்கு ஒரு தகரப் பெட்டி கொடுத்தது. பச்சை வண்ணம் பூசி, மேலே கம்பிப் பிடி வைத்த பெட்டி. அதற்குள் ஸ்பிரிட் விளக்கு, திருகிக் கீறும் ஊசி, பஞ்சு, பெயர் எழுதும் தடித்த பதிவேடு, அம்மைப்பால் அடைத்த கண்ணாடிக் குழல்கள். பெரியம்மை வராமலிருக்கக் கையில் கீறித் தடவுகிற மருந்துக்கு அந்தக் காலத்தில் அம்மைப்பால் என்று பெயர். என்னோடு வேலை பார்த்த ஆண்களுக்கும் இதே பெட்டிதான். ஆனால் அதைத் தூக்கி வர அவர்களுக்கு ஒரு பியூன் உண்டு. எனக்கு இல்லை.

கேட்டேன். பொம்பளைக்குப் பின்னால் ஆம்பளை பியூன் எப்படி வருவான், ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா என்று பதில் வந்தது. பொம்பளை பியூன் வையுங்கள் என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிறது.

நான் இருந்தது புத்தூரில், அப்பாவோடு; நைனா என்றுதான் கூப்பிடுவேன். என் சுற்று கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமங்களும் நகரிக்கு இந்தப் பக்கத்து ஊர்களும். பஸ் பெரிய சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் வரப்பு, ஏரிக்கரை, மலையடிவாரத்து வண்டிப்பாதை என்று நடைதான். ஒரு நாளைக்குப் பத்து மைல் சாதாரணம். கம்பிப் பிடி உள்ளங்கையை அறுக்கும். நூறடிக்கு ஒரு தரம் கை மாற்றுவேன். பெட்டியின் மூலை ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் இடிக்கும். நாய் துரத்தினால் விரட்டக் கை இருக்காது, வெயிலுக்குக் குடை பிடிக்கவும் கை இருக்காது. இரண்டு வருஷத்தில் என் இடது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. "நீ நடந்து வந்தா தராசு வர்ற மாதிரி கீது" என்றார் நைனா.

ஆந்திரா தனி மாநிலமான வருஷம் அலுவலகத்தில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பலகை, முத்திரை, நமூனாத் தாள், பதிவேட்டில் எழுதும் மொழி எல்லாம் மாறின. தகரப் பெட்டி மட்டும் மாறவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இவர்கள் தரமாட்டார்கள், நாமே ஒரு பை வாங்கி முதுகில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று.

திருப்பதி ரயிலடிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. யுத்தத்தில் மிஞ்சிய தண்ணீர்க் குடுவை, பூட்ஸ், கம்பளி, கித்தான் பைகள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுக்காரருக்காம்மா?"

"எனக்கு."

"உனக்கா? பட்டாளத்துல சேரப் போறியா இன்னா?"

குவியலுக்குள் இறங்கித் தேட ஆரம்பித்தேன். முதலில் எடுத்தது பெரிய பை. மாட்டிப் பார்த்தால் அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே தொங்கி, நடக்கும்போது தொடையில் அடித்தது. வார்கள் இரண்டும் அகலமான தோள் உள்ள ஆணுக்கென்று தைத்தவை. என் தோளில் நிற்காமல் இரண்டு பக்கமும் வழுக்கின. அடுத்தது நல்ல கெட்டிக் கித்தான், ஆனால் ஒற்றை வார். பெட்டி கைக்குச் செய்த கொடுமையை இது தோளுக்குச் செய்யும். தூக்கி ஓரமாகப் போட்டேன். மூன்றாவது நடுத்தரமான காக்கிப் பை. வார்கள் கழுத்துக்கு நெருக்கமாக ஆரம்பித்தன. வெளியே இரண்டு சிறிய பைகள், பித்தளைக் கொக்கிகள். ஒரு வாரின் தையல் மட்டும் இற்றுப் போயிருந்தது. கித்தானை நகத்தால் சுரண்டினேன். பூஞ்சை இருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். கடைக்காரரின் செம்பிலிருந்து தண்ணீரை உள்ளே ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தேன்.

"ஏம்மா, பை வாங்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா?" என்றார்.

"வெறும் பையை மாட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? உங்கள் தராசுப் படிக்கல் இரண்டைப் போடுங்கள். நடந்து பார்த்துவிட்டு வருகிறேன்."

முதலில் மறுத்தார். என் தகரப் பெட்டியை ஈடாக வைத்துவிட்டுப் போகிறேன் என்றதும் ஒப்புக்கொண்டார். திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போய், படிக்கல் சுமந்த பையோடு மலைப்படி ஏறினேன். சமதரையில் எந்தப் பையும் நல்ல பைதான், ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதன் குணம் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்த கூட்டம் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. அதில் ஒருவர், "வேண்டுதலாம்மா? கல்லு சுமக்கறதா வேண்டிக்கினியா?" என்று பக்தியோடு கேட்டார். வேலைக்காக என்றேன். உடனே பக்தி போய்விட்டது. "கழுதைக்குக் கூட இப்டி கட்ட மாட்டாங்க" என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். ஒரு பெண் கல் சுமந்தால், சாமிக்கென்றால் கும்பிடு, சம்பளத்துக்கென்றால் கழுதை. கோபத்தில் இன்னும் இருநூறு படி ஏறினேன்.

அந்த ஏற்றத்தில்தான் பையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கல் அடியில் கிடந்தால் பை பின்னுக்கு இழுத்து என்னைக் குனிய வைத்தது. ஒரு படியில் உட்கார்ந்து, கற்களைத் துணியில் சுற்றி முதுகை ஒட்டி மேலாக வைத்து, வாரைச் சுருக்கிக் கட்டியதும் சுமை என் மேலேயே ஏறி உட்கார்ந்த மாதிரி நின்றது. முந்தானை வாருக்குள் மாட்டி இழுபட்டது. அதை இறுக்கி இடுப்பில் சுற்றிச் செருகினேன். இரண்டு கையையும் வீசி நடந்தேன். வேலையில் சேர்ந்த பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இற்றுப்போன வாரைப் புத்தூரில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டேன். தோளில் உரசும் இடத்துக்குப் பழைய கம்பளியை மடித்து நானே தைத்தேன். பதிவேட்டை முதுகை ஒட்டி நிமிர்த்தி வைப்பேன். ஸ்பிரிட் விளக்கு வெளிப்பையில் தனியாக இருக்கும், ஏனென்றால் ஒருநாள் அது கசிந்து கட்டுச்சோறு பாழாகிப் பட்டினியாக நடந்திருக்கிறேன்.

ஒரு பெரிய தப்பும் செய்தேன். அம்மைப்பால் உடையாமல் இருக்க வேண்டுமென்று குழல்களைப் பதிவேட்டுக்குள் பொதிந்து முதுகை ஒட்டியே வைத்தேன். கார்வேட்டிநகரம் பக்கத்து ஊர் ஒன்றில் குத்திவிட்டு ஒரு வாரம் கழித்துப் போய்க் கைகளைப் பார்த்தால், ஒருவர் கையிலும் கொப்புளம் எழும்பவில்லை. என் முதுகுச் சூட்டில் மருந்து செத்துப்போயிருந்தது. பாதுகாப்பு இருக்கிறதென்று நம்பிக்கொண்டு ஓர் ஊரே ஒரு வாரம் நடமாடியிருக்கிறது. அன்று எனக்கு வந்த கோபம் முழுவதும் என் மேல்தான். ஒவ்வொரு வீடாகப் போய், "நான் குத்தினது வீணாப்போச்சு, மறுபடி கையக் காட்டுங்க" என்று சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் அம்மைப்பாலை ஈரத்துணியில் சுற்றி, அதன் மேல் வாழைமட்டை கட்டி, முதுகுக்கு எட்டாத வெளிப்பையில்தான் வைத்தேன். வழியில் கிணறு கண்ட இடமெல்லாம் துணியை நனைப்பேன்.

சித்தூர் அலுவலகத்தில் இருந்த சுகாதார இன்ஸ்பெக்டருக்கு என் பை பிடிக்கவில்லை. அவர் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசுவார்.

"ஏமம்மா, இதி ஏமி வேஷம்? சர்க்காரு பெட்டி எக்கட?"

"அலுவலகத்திலேயே இருக்கிறது சார். பத்திரமாக."

"ஆடவாள்ளு, பொம்பளைங்க இப்படி சோல்ஜர் மாதிரி திரிஞ்சா பாக்கறவங்க ஏமி நெனைப்பாங்க? மரியாதையா பெட்டி தூக்கணும்."

"மரியாதையாகத் தூக்கித்தான் சார் தோள் இறங்கிப்போச்சு. நீங்கள் ஒருநாள் தூக்கிக் காட்டுங்கள், அப்புறம் நான் தூக்குகிறேன்."

அவருக்கு சைக்கிள் இருந்தது. அவர் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. அதைப் பையிலேயே மடித்துப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

சில வருஷங்கள் இப்படிப் போயின. பிறகு எல்லைப் பிரச்சினை முற்றியது. எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று பட்டியல்கள் வந்தன. டீக்கடையில் கத்தினார்கள், கூட்டம் போட்டார்கள். எனக்கும் அதில் வருத்தம் உண்டு, என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நகரிக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஓர் ஊர். அந்த ஊரின் பெயர் மதராஸ் பட்டியலில் இருந்தது. ஊரிலிருந்து ஓர் ஓடையைத் தாண்டி இருந்த அதன் சேரி, கணக்கில் வேறொரு கிராமத்தோடு சேர்ந்திருந்தது. அந்தக் கிராமம் எந்த மாநிலத்துக்கு என்று இரண்டு பக்கமும் தீராத பேச்சு. சேரியில் இருந்தவர்கள் சொந்த நிலம் இல்லாத கூலிக்காரர்கள். அவர்களுக்காக யாரும் டீக்கடையில் கத்தவில்லை.

ஒரு காலை, புத்தூர் பஸ் நிற்குமிடத்தில் ஒரு பெண் என் பையைப் பார்த்து ஓடிவந்தாள். முப்பது வயது இருக்கும். கால் முழுக்கப் புழுதி.

"மூட்டை மாட்டிக்கினு வர்ற ஊசிக்காரம்மா நீதானே? உன்னத் தேடிக்கினு ராவெல்லாம் நடந்து வந்தேன் யம்மா."

"என்ன ஆச்சு?"

"எங்க சேரில பெரியம்மை போட்டுக்கீது. நாலு உசுரு போயிட்ச்சு. என் பொண்ணு மூணாம் நாளு போச்சு." அழவில்லை. மனப்பாடம் செய்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "இன்னும் ரெண்டு பசங்க கீறாங்க. அதுங்களுக்கு இன்னும் ஒண்ணும் வரல. வந்து குத்து யம்மா."

"உங்கள் பக்கத்து ஆள் யாரும் வரவில்லையா?"

"யாரு எங்க பக்கம்? அத்தச் சொல்லு மொதல்ல."

அவளுக்கு இரண்டு இட்டிலி வாங்கிக் கொடுத்துத் தின்ன வைத்து, நைனாவிடம் விட்டுவிட்டுச் சித்தூருக்கு பஸ் ஏறினேன். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் புரட்டினார். "அதி மன ஊரு காதம்மா" என்றார், நம்முடைய ஊர் இல்லை என்று. அந்த மருந்தை அங்கே செலவழித்தால் கணக்குக் கேட்பார்கள், ஆடிட் வரும் என்றார். நாலு பேர் செத்திருக்கிறார்கள் என்றேன். "அக்கட வாள்ளு பாத்துக்குவாங்க" என்றார், அந்தப் பக்கத்து ஆட்களைச் சொல்லி.

மறுநாள் ரயிலேறித் திருத்தணிக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி அழகான தமிழ் பேசினார். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். "தமிழ் மக்கள் அங்கே படும் பாடு எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். "ஆனால் முறையான உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை. வரட்டும், உடனே அனுப்புகிறோம்." காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஒருவர் தெலுங்கில் கைவிட்டார், இன்னொருவர் தமிழில் கைவிட்டார். மொழிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் யாராவது இந்தக் கதையைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னிடம் அந்த மாதச் சுற்றுக்கு வாங்கிய அம்மைப்பால் இருந்தது. அதற்கடுத்த நாள் விடிந்ததும் அந்தப் பெண்ணோடு கிளம்பினேன். நகரி வரைக்கும் ரயில், அப்புறம் மலையைச் சுற்றி நடை. பையில் வழக்கமான சாமான்களோடு அரிசியும், ஒரு மாற்றுச் சேலையும், மாதத்தில் அந்த மூன்று நாளைக்கான துணிகளும் இருந்தன. முதல் நாள் பெய்த மழையில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர். நான் தடுமாறியதைப் பார்த்து அவள், "பையக் குடு" என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கடந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் படவில்லை.

சேரியில் முப்பது வீடுகளுக்குள்தான் இருக்கும். நோய் கண்டவர்களைக் கோடி வீட்டில் தனியாக வைக்கச் சொன்னேன். மற்றவர்கள் நான் கூப்பிடும் முன்பே கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வேறு ஊர்களில் குத்த வந்தேன் என்றால் கதவைச் சாத்துவார்கள். இங்கே சாவைப் பார்த்தவர்களுக்குப் பயம் தெளிந்திருந்தது. அவளுடைய இரண்டு பையன்களுக்கும் முதலில் குத்தினேன்.

மதியம் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் வந்தார்கள். சேரிக்குள் வரவில்லை. தூரத்தில் நின்று கூப்பிட்டார்கள்.

"அம்மா, மொதல்ல ஊருக்கு வந்து குத்திட்டு அப்புறம் இங்க வரக் கூடாதா? அவங்களுக்குக் குத்தின ஊசியாலயா எங்களுக்குக் குத்துவ?"

எனக்கு உச்சிக்கு ஏறியது. "இதே ஊசிதான். நெருப்பில் காட்டித்தான் குத்துவேன். இங்கே வேலை முடிய நாளைக்கு மதியம் ஆகும். வேண்டுமென்றால் நீங்கள் இங்கே வந்து வரிசையில் நில்லுங்கள்" என்று கத்தினேன்.

போய்விட்டார்கள். ஆனால் அன்று மாலையே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பெண்கள் பதினைந்து இருபது பேர் ஓடையைத் தாண்டி வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். மறுநாள் ஆண்களும் வந்தார்கள், அந்த இரண்டு பெரிய மனிதர்கள் உட்பட. கையை மட்டும் நீட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சேரியில் கோடி வீட்டில் இருந்தவர்களில் ஒருவர் இறந்தார். புதிதாக ஒருவருக்கும் அம்மை வரவில்லை. ஒரு வாரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது எல்லாக் கையிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. சின்னப் பையன் கையைத் தொடவிடாமல் அழுதான். அவள் அவனை அதட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தூருக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அரசாங்க மருந்தை வேற்று மாநிலத்து ஆட்களுக்குச் செலவழித்ததற்கு விளக்கம் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் அறையில் மூன்று குமாஸ்தாக்கள் நின்றிருந்தார்கள். "பேகு இவ்வு, இங்க குடு" என்று பையை வாங்கி, மிச்சம் எத்தனை குழல் என்று பார்க்கிறேன் என்று அவரே கொக்கியைக் கழற்றினார். குழல்கள் வெளிப்பையில் இருக்கின்றன என்று சொன்னேன். கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் போட்டார். பதிவேடு, பஞ்சு, சேலை, சீப்பு. அப்புறம், துவைத்து மடித்து வைத்திருந்த என் மாதவிலக்குத் துணிகள். என்னவென்று புரியாமல் பிரித்துத் தூக்கிப் பார்த்தார். குமாஸ்தாக்களில் ஒருவர் இருமினார். ஒருவர் சுவரைப் பார்த்தார். ஒருவர் சிரித்தார்.

அந்த நொடியில் நான் அழுதிருப்பேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

"நன்றாகப் பாருங்கள் சார்" என்றேன். "மாதம் இருபது நாள் நான் நடக்கிறேன். அந்த நாளிலும் நடக்கிறேன். உங்கள் தகரப் பெட்டியில் இதற்கு இடம் இல்லை. அதனால்தான் பை வாங்கினேன். இதையும் ரிப்போர்ட்டில் எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் துணியைக் கீழே போட்டார். நான் எடுத்து மடித்தேன். ஒவ்வொரு சாமானையும் அதனதன் இடத்தில் மெதுவாக வைத்தேன். அவர்கள் நாலு பேரும் நான் முடிக்கும்வரை நின்றார்கள்.

தண்டனையாக ஊர்ச் சுற்றிலிருந்து என்னை எடுத்துச் சித்தூர் அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். பழைய தமிழ்ப் பதிவேடுகளைத் தெலுங்கில் பெயர்த்து எழுதும் வேலை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. பலருக்கு அது வரம். எனக்குச் சிறை. கால் மரத்துப்போகும்.

இரண்டாவது வருஷம், தகராறில் இருந்த எல்லை ஊர்களுக்கென்று தமிழிலேயே எழுதி வந்த மாவட்டப் பதிவேடு ஒன்று பெயர்க்க வந்தது. புரட்டிக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில் அந்தச் சேரியின் பெயர் இருந்தது. எல்லைத் தகராறு அதற்குள் ஒருவழியாகத் தீர்ந்து, சேரி ஆந்திராவுக்கு என்று ஆகியிருந்தது. குத்தப்பட்டவர்கள் பெயர்கள் எல்லாம் நான் எழுதிக் கொடுத்த வரிசையிலேயே இருந்தன. குத்தியவர் என்ற இடத்தில் இன்ஸ்பெக்டரின் பெயர் இருந்தது. பக்கத்தில், சிறப்பான சேவை என்று ஒரு மேலதிகாரியின் குறிப்பு.

அந்த மனிதர் அந்த ஓடையைப் பார்த்ததே இல்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தேன். அவர் பார்த்தார். "மேல ஆபீசருக்கு எழுத ஒரு பேரு தேவைப்பட்டுச்சும்மா" என்றார் தணிந்த குரலில். "நீ செஞ்சதுன்னு எழுதினா உனக்குத்தான் கஷ்டம். உன் மேல கேஸ் இருந்துச்சு இல்ல?"

"அந்த வரிசையில் முதல் இரண்டு பேர் யார், தெரியுமா சார்?"

தெரியாது என்பது போலத் தலையை ஆட்டினார்.

ராவெல்லாம் நடந்து வந்தவளின் இரண்டு பையன்கள் அவர்கள். என் இடத்துக்குத் திரும்பி வந்து, அவர் பெயரைத் தெலுங்கில் பெயர்த்து எழுத வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன். கீழே தமிழிலும் ஒரு தடவை எழுதினேன். யாராவது கேட்பார்கள், சண்டை போடலாம் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அவர் பதவி உயர்ந்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போனார். மாலை வாங்க அலுவலகத்தில் எல்லாரிடமும் காசு கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.